கால் அங்குலத் தகராறு

ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில், கால் அங்குல பிட் கேட்ட தச்சு பாஸிடம் 6 மில்லிமீற்றர் பிட்டை நீட்டி, "ரெண்டும் ஒண்ணுதானே பாஸ்" என்றார் கடைக்காரர். பாஸுக்கு வந்த கோபம் நியாயமானதே. பழைய கித்தாரின் கழுத்துப் பலகையில் முத்துச்சிப்பிப் பொட்டு பதிக்கிறவருக்கு அந்த இரண்டும் ஒன்றாகாது. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீற்றர். 6 இல் துளைத்தால் பொட்டு உள்ளே இறங்காது; 6.5 இல் துளைத்தால் சுற்றிலும் இடைவெளி விழுந்து, நிரப்பிய பசை வளையமாகத் தெரியும். பிட்டின் அளவு மட்டுமல்ல, முனையும் முக்கியம். இரும்புக்கான சாதாரண பிட் மரத்தில் முதலில் வழுக்கும், பிறகு குழியின் வாயோரத்து நாரைப் பிய்க்கும். நடுவில் ஊசிமுனையும் ஓரங்களில் கூர்ப்பற்களும் உள்ள மரபிட்தான் நின்ற இடத்தில் நின்று, வட்டத்தை அறுத்துக்கொண்டே குடையும். நம் தப்பு மேளத்துக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. தோல், சட்டம், காய்ச்ச நெருப்பு, அவ்வளவுதான். 2013 இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையிலோ, பதிப்பு வேலைக்குத் தந்தம் போய்ப் பிளாஸ்டிக் வந்த பிறகும் உளி பிடித்த கைக்குத்தான் மதிப்பு. அந்தக் கை வாய்க்காத நமக்குச் சரியான பிட்டாவது வேண்டாமா? கடைக்கார அண்ணன்மாரே, அங்குல பிட்டையும் மில்லிமீற்றர் பிட்டையும் ஒரே டின்னில் கொட்டி வைக்காதீர்கள்.