கதவு எண் மாறினால் வீட்டையே இடிப்பதா?

"மடிக்கணினி எழும்பவில்லையா? ஃபார்மட் செய்துவிடு!" நம் கல்லூரியில் அடிக்கடி செவியில் விழும் அறிவுரை இது. கேட்பதற்கு எளிது, ஆனால் பெரும்பாலும் தேவையற்றது, சில வேளைகளில் கொடியது என்பது என் கருத்து.

ஒரே மடிக்கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்களை வைத்துக்கொள்வது மாணவரிடையே புதிதன்று. பொத்தானை அழுத்தியதும் எது வேண்டும் என்று கேட்டு, அதனை எழுப்பித் தருவது பூட்லோடர் என்னும் சிறு நிரல். லினக்ஸோடு பெரும்பாலும் வருவது, 1995-இல் எரிக் போலின் என்பவர் எழுதத் தொடங்கிய க்ரப். அதனைத் தபால்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகவரி தவறினால் கடிதம் சேராது. அதனால் வீடு இல்லையென்று ஆகிவிடுமா?

சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். என் பழைய மடிக்கணினியின் வட்டில் ஐந்தாம் பிரிவு காலியாகக் கிடக்கிறதே என்று நானே அதை நீக்கினேன். மறுநாள் கறுத்த திரையில் 'அப்படி ஒரு பிரிவு இல்லை' என்று பொருள்படும் ஓர் ஆங்கில வரி. அதன் கீழே 'க்ரப் ரெஸ்க்யூ'. விண்டோஸும் வரவில்லை, லினக்ஸும் வரவில்லை. பழுது பார்க்கும் கடைக்காரர், "எல்லாம் போயிற்று, புதிதாகப் போட்டுவிடலாம்" என்றார்.

அந்த 'எல்லாம்' என்பதில் எங்கள் ஊர் ஏரியின் நீர்க்கட்டியாக இருந்த பெரியவர் ஒருவரின் இரண்டு மணி நேரப் பேச்சும் அடங்கும். வரலாற்றுத் துறைக் களப்பணிக்காக நான் பதிவு செய்தது. அவர் இன்று உயிரோடு இல்லை.

இயற்பியல் படிக்கும் விடுதி நண்பன்தான் தடுத்தான். "அழிக்கிறதுக்கு எப்பவும் நேரம் இருக்குடா. முதல்ல அது என்ன சொல்லுதுன்னு படி" என்றான். ஐந்தாம் பிரிவை நீக்கியதும், ஆறாவதாக இருந்த லினக்ஸ் ஐந்தாவதாகிவிட்டது. க்ரப்போ பழைய எண்ணையே தேடிக்கொண்டிருந்தது! 'எல்.எஸ்.' என்று தட்டியதும் பிரிவுகளின் பட்டியல் வந்தது. புதிய எண்ணைச் சொன்னோம், லினக்ஸ் எழுந்தது. முதலில் பதிவுகளைப் படியெடுத்துக்கொண்டு, பிறகு க்ரப்பை மீண்டும் நிறுவினோம். அரைமணி நேர வேலை.

இக்காலத்து யூ.இ.எஃப்.ஐ. கணினிகளில் நோய் வேறு, நெறி ஒன்றே. அவற்றில் பூட்லோடர்கள் ஒரு சிறு பிரிவில் தனித்தனிக் கோப்புறைகளில் இருக்கும். எதை முதலில் அழைப்பது என்ற வரிசை தாய்ப்பலகையில் பதிந்திருக்கும். லினக்ஸ் பட்டியல் காணாமற்போனால் முதலில் அவ்வரிசையைப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்றுக்குப் பின், இரட்டை இயங்குதளக் கணினிகள் சிலவற்றில் செக்யூர் பூட் லினக்ஸைத் தடுத்தது. அப்போதும் பூட்லோடர்தான் தடுக்கப்பட்டதே தவிர, கோப்புகள் அழியவில்லை. பிட்லாக்கர் பூட்டு உள்ளவர்கள், அமைப்பில் கை வைக்குமுன் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

கடைக்காரரை நான் குறை கூறவில்லை. மாலைக்குள் பல கணினிகளை முடிக்க வேண்டியவர் அவர். உள்ளே இருப்பதன் அருமை அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்த நாம்தான் சொல்ல வேண்டும். வட்டே பழுதாகிவிட்டால் நிலைமை வேறு. அதற்காகத்தான் படியெடுத்து வைக்கும் பழக்கம் வேண்டும்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நிறுவாமலே இயங்கும் லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்று நம் நூலகத்தில் இருக்கட்டும். எழும்பாத கணினியையும் அதனால் எழுப்பிக் கோப்புகளைக் காப்பாற்றலாம். முதலில் படித்தல், அடுத்துப் படியெடுத்தல், பின்பு பழுது நீக்கல், வேறு வழியே இல்லையென்றால் மட்டும் அழித்தல்: இந்த வரிசையை மாற்றாதிருப்போம். பதறாத காரியம் சிதறாது அல்லவா?