நீக்குவதற்கும் நெறி வேண்டும்

"சிங்களப் பிரதம நீதியரசரைச் சிங்கள அரசு நீக்கியது, அதில் நமக்கென்ன?" எனக் கேட்போர் புலம்பெயர்ந்த நம்மவரிடையே இன்றும் உளர். சிராணி பண்டாரநாயக்க 2013 சனவரியில் நீக்கப்பட்ட முறையை அறிந்தோர் அவ்வாறு கேட்கமாட்டார்கள்.

மாகாண அதிகாரங்களைத் தொட்ட திவிநெகும சட்டமூலம் 2012இல் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. வட மாகாண சபைக்கு அப்போது தேர்தலே நடந்திருக்கவில்லை. மக்கள் தெரிவு செய்யாத ஆளுநர் அச்சபையின் பெயரால் இசைவளிக்க இயலாதென அவர் தலைமையிலான அமர்வு தீர்மானித்தது. அதே நவம்பரில் 14 குற்றச்சாட்டுகளுடன் அவர்மீது குற்றப்பிரேரணை வந்தது.

விசாரித்த தெரிவுக்குழுவின் 11 பேரில் 7 பேர் அரசுத் தரப்பினர். முறையான விசாரணை இல்லையெனக் கூறி டிசம்பர் 6இல் அவர் வெளியேறினார்; மறுநாள் திரு. இரா. சம்பந்தன் உள்ளிட்ட எதிர்க்கட்சியினர் நால்வரும் விலகினர். அதன் பின்னரே சாட்சிகள் அழைக்கப்பட்டனர். குறுக்கு விசாரணை செய்ய எவருமில்லை. டிசம்பர் 8இல் அறிக்கை ஆயத்தம்! நிலையியற் கட்டளையைக் கொண்டு இத்தகைய விசாரணை நடத்தலாகாது, சட்டம் வேண்டும் என உயர் நீதிமன்றம் கூறியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அறிக்கையையே இரத்துச் செய்தது. எனினும் சனவரி 11இல் 155க்கு 49 என்ற வாக்குகளால் பிரேரணை நிறைவேறிற்று.

அவர் நமக்கு வேண்டியவர் என்பதற்காக இதை எழுதவில்லை. சனாதிபதியின் பதவிக்கால வரம்பை அகற்றிய 18ஆம் திருத்தத்துக்கு 2010இல் வழிவிட்ட அமர்வுக்கும் அவரே தலைமை தாங்கினார். வேண்டாதவருக்கும் தம் தரப்பைச் சொல்லும் உரிமை உண்டு என்பதே வழக்கின் உயிர்நாடி.

ஆக்லாந்து நகர மையத்தில், வாட்டர்லூ குவாட்ரன்ட் வீதியிலுள்ள மேல் நீதிமன்றத்தைக் கடந்து செல்லும் நம் பிள்ளைகளுக்கு இவ்வேறுபாட்டைப் பெற்றோர் எடுத்துரைக்கலாம். நியூசிலாந்தின் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாரிய குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் நீங்கலாக, எந்த நீதிபதியையும் நீக்கச் சட்டமா அதிபர் தாமாக முனைய முடியாது. மூவர் குழு விசாரித்து, நீக்கத்தைப் பரிசீலிக்கக் காரணம் உண்டென அறிக்கையிட வேண்டும். மூவரில் ஒருவர் சட்டத்துறை சாராதவர்.

பண்டாரநாயக்க 2015 சனவரி 28இல் மீண்டும் பதவியேற்று, மறுநாளே ஓய்வு பெற்றார். 2025 ஆகஸ்டில் பொலிஸ்மா அதிபர் தேசபந்து தென்னகோனை நீக்கியபோது, உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவர் தலைமையில் குழு விசாரித்தது. அவர் தரப்பும் கேட்கப்பட்டது. எதிர்வாக்கின்றி 177 வாக்குகள் விழுந்தன. அவ்விசாரணைக்கு வழிசெய்த சட்டம் 2002இலேயே இயற்றப்பட்டது. அது சட்டமா அதிபருக்கும் பொலிஸ்மா அதிபருக்கும் மட்டுமே உரியது; பிரதம நீதியரசர் அதில் அடங்கவில்லை.