முழுசா மூழ்கினால்தான் பணமா?

கார் வைத்திருப்பவருக்குத் தெரியும். சட்டம் கேட்கும் கட்டாய இன்சூரன்ஸ் எதிராளிக்குத்தான். சொந்த வண்டி நசுங்கினால் அதில் காலணா வராது.

படகு பாலிசியிலும் இதே வில்லங்கம்! 'முழு நஷ்டம் மட்டும்' என்று போட்டிருந்தால் படகு அடியோடு போக வேண்டும். அரசலாற்று முகத்துவாரத்தில் தரைதட்டிப் பலகை பிளந்தாலும், எஞ்சின் போனாலும் சர்வேயர் கையை விரிப்பார். பாதிப் படகை வைத்துக்கொண்டு பட்டினச்சேரிக்காரர் என்ன செய்வார்?

2004 சுனாமியில் நொறுங்கிய படகுகள் பலவற்றுக்கு பாலிசியே இல்லை. இப்போது எடுப்பவருக்காவது, பிரிமியம் வாங்கும்போதே அந்த வரியைத் தமிழில், கொட்டை எழுத்தில் காட்டினால் என்ன?

மறுத்தால் சும்மா திரும்பாதீங்க. காரணத்தை எழுத்தில் வாங்குங்க. கம்பெனிக்குப் புகார் கொடுத்து ஒரு மாதமாகியும் வழியில்லையா? சென்னை இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்க. காரைக்காலும் அவர் எல்லைதான். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.