முன்னால் ஒரு முதுகு

அன்பு வாசகர்களுக்கு,



எங்கள் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்க்கும் அண்ணாச்சியின் குரலை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். சந்தா விவரம் கேட்டு நீங்கள் அழைக்கும்போது தொலைபேசியை எடுப்பவர் பெரும்பாலும் அவர்தான். போன செப்டம்பர் கடைசியில் ஒரு மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் படிக்க, ஸ்பெயினின் கத்தலோனியாப் பகுதியில் உள்ள தர்ரகோனா நகரத்துக்குப் போயிருந்தாள் அவள். போய் மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஊர்த் திருவிழா வந்துவிட்டது.

“திருவிழால என்னம்மா பார்த்தே?”

“ஒண்ணும் பார்க்கலப்பா. முன்னால நின்னவரோட முதுகைத்தான் பார்த்தேன்.”

அண்ணாச்சியின் முகம் வாடிவிட்டது. ஆனால் அந்தப் பெண்ணின் குரலில் துளி வருத்தம் இல்லை. அவள் சொல்லச் சொல்ல நாங்கள் ஒவ்வொருவராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அன்று எல்லோருடைய சாப்பாடும் ஆறிப்போனது.

தர்ரகோனா மத்தியதரைக் கடலோரத்துப் பழைய ரோமானிய நகரம். அதன் காவல் புனிதை தெக்லா. அவருடைய கை என்று நம்பப்படும் திருப்பண்டம் 1321இல் அர்மேனியாவிலிருந்து அங்கே வந்து சேர்ந்தது. அன்று தொடங்கிய விழா எழுநூறு ஆண்டுகளைத் தாண்டி நடந்துகொண்டிருக்கிறது. செப்டம்பர் 23 முக்கிய நாள். ஆளுயரத்தைவிடப் பெரிய அரசன் அரசி பொம்மைகள் தெருவில் ஆடிவரும். நெருப்பைக் கக்கிக்கொண்டு அரக்க வேடக்காரர்கள் ஓடுவார்கள். வீடுகளில் சூரை மீனின் முதுகெலும்புத் துண்டோடு குட்டி நத்தைகளைப் போட்டுக் குழம்பு வைப்பார்கள். (“சாப்பிட்டியா?” என்று அண்ணாச்சி கேட்டார். “அப்புறம் சொல்றேன்ப்பா” என்றாள்.)

இத்தனையும் இருந்தாலும் ஊர் காத்திருப்பது மனிதக் கோபுரத்துக்காக. அதற்குப் பெயர் ‘காஸ்தெல்’. கத்தலான் மொழியில் கோட்டை என்று பொருள். ஒருவர் தோள்மேல் ஒருவராக ஏறி நின்று எட்டு, ஒன்பது, அபூர்வமாகப் பத்து அடுக்கு வரை எழுப்புவார்கள். தர்ரகோனாவிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் உள்ள வால்ஸ் என்ற ஊரில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உருவான கலை இது. 2010இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தர்ரகோனாவில் மட்டும் நான்கு குழுக்கள். மீனவர் குடியிருப்பான செர்ராயோவின் குழுவுக்குக் கடல்நீலச் சட்டை. இன்னொரு குழு சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சட்டை அணிவதால், அவர்களுக்கு ‘மெத்தை தைப்பவர்கள்’ என்று பட்டப்பெயர்.

இந்தக் குழுக்களின் மாலைப் பயிற்சிக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். உடன் தங்கியிருந்த தோழி அண்ணாச்சியின் மகளையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். இரண்டு வருடம் ஸ்பானிய மொழி படித்துவிட்டுப் போனவள் இவள். அங்கே காதில் விழுந்ததெல்லாம் கத்தலான். ஓரமாக நின்று விழித்தவளிடம் யாரோ ஒரு பெண்மணி நீளமான கறுப்புத் துணியின் ஒரு முனையைக் கொடுத்து, இழுத்துப் பிடி என்று சைகை காட்டினாராம். மறுமுனையை இடுப்பில் வைத்துக்கொண்டு பம்பரம் போலச் சுழன்று சுழன்று அவள் பக்கமாக வந்தார். அந்த இடுப்புக்கச்சைதான் முதுகுக்குத் தாங்கல். மேலே ஏறுபவர்களுக்கு அதுவே கால்வைக்கும் படி. தளராமல் இறுகச் சுற்ற வேண்டுமானால் எதிர்முனையில் இன்னொருவர் வேண்டும்.

“மொழியே தெரியாம அன்னிக்கு நாலு பேருக்குக் கச்சை பிடிச்சேன்ப்பா. அதுக்கப்புறம் எல்லாருக்கும் என்னைத் தெரிஞ்சுபோச்சு.”

கோபுரத்தின் அடியில் நூற்றுக்கணக்கானோர் வட்டம் வட்டமாக நெருக்கி நின்று அணைகட்டுகிறார்கள். அந்த அடித்தளத்தின் பெயர் ‘பீன்யா’. பைன் மரத்துக் காயின் பெயர்தான் அது. காயின் செதில்களைப் போல ஒட்டி நிற்பார்கள். மேலே நிற்பவர்களின் எடையைத் தாங்குவது இவர்கள் வேலை. மேலிருந்து யாராவது விழுந்தால், விழுவதும் இவர்கள்மேல்தான். விழா நாளில் இவளை வெளிவட்டத்தில் நிறுத்தி இப்படிச் சொல்லியிருக்கிறார்கள்: கடிகாரம், தோடு, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்று. கைகளை முன்னால் நிற்பவரின் மேல் அழுத்து. தாடையை மார்போடு சேர்த்துக் குனி. எது நடந்தாலும் அண்ணாந்து பார்க்காதே. கழுத்துக்கு ஆபத்து.

அப்படியானால் மேலே கோபுரம் எந்த அளவில் இருக்கிறது என்று கீழே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? காதால்தான். ‘கிராலியா’ என்று ஒரு மரக்குழல். நம் நாகஸ்வரத்தைப் போலவே இரட்டை நாக்குச் சீவாளி கொண்டது, ஊரையே கிழிக்கும் குரல் அதற்கு. அடித்தளம் உறுதிப்பட்டு ஆட்கள் ஏறத் தொடங்கியதும் மேளத்தோடு சேர்ந்து அது ஒலிக்கும். எல்லோருக்கும் மேலே ஏறுவது ஒரு குழந்தை. உச்சியைத் தாண்டும்போது ஒரு கையை விரித்து உயர்த்தும். அந்த நொடியில் குழலின் மெட்டு மாறும். கீழே முகம் புதைத்து நிற்பவர்களுக்குச் செய்தி வந்துவிட்டது.

“மெட்டு மாறினதும் பக்கத்துல நின்ன அம்மா அழுதாங்கப்பா. ஆனா யாரும் கையை எடுக்கல.”

எடுக்கக் கூடாது. ஏறிவிட்டால் பாதிதான் முடிந்தது என்பது அவர்கள் கணக்கு. ஒழுங்காகப் பிரிந்து கடைசி ஆளும் இறங்கினால்தான் கோபுரம் முழுமை. ஏற்றிவிட்டு, இறங்கும்போது சரிந்தால் அதற்கு மதிப்பு குறைவு. ஏற்றத்தைக் கொண்டாடும் ஊர்கள் உலகில் ஏராளம். இறக்கத்துக்கும் மதிப்பெண் போடும் ஊரை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

குழந்தையை ஏற்றுகிறார்களே, அது சரியா என்று எங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அங்கேயும் கேட்டிருக்கிறார்கள். 2006இல் மத்தாரோ என்ற ஊரில் கோபுரம் சரிந்து ஒரு சிறுமி இறந்துபோனாள். அதன்பிறகு உச்சியில் ஏறும் குழந்தைகளுக்குத் தலைக்கவசம் வந்தது. பழமை என்று சொல்லி எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கவில்லை அவர்கள். நீண்ட காலம் ஆண்கள் மட்டுமே ஏறிய கோபுரத்தில் 1980களில் பெண்களும் சேர்ந்தார்கள். கோபுரங்களின் உயரம் கூடியது அதற்குப் பிறகுதான்.

அன்று அந்தக் கோபுரம் ஒழுங்காக இறங்கியது. இறுக்கம் தளர்ந்ததும், அவ்வளவு நேரம் அவள் பார்த்துக்கொண்டிருந்த முதுகு திரும்பியது. அறுபது வயது மதிக்கத்தக்க முகம், வியர்வையில் குளித்திருந்தது. எந்த ஊர் என்று கேட்டாராம். பாளையங்கோட்டை என்றாள். அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், நாக்கு மடங்கவில்லை. ஊர்ப்பெயரின் பின்பாதிக்கு என்ன அர்த்தம் தெரியுமா என்று கேட்டிருக்கிறாள். தெரியாது என்றார். “காஸ்தெல்” என்றாள். மனிதர் துள்ளிக் குதித்து, சுற்றி நின்றவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம், இந்தப் பெண் பிறந்த ஊரின் பெயரிலேயே கோட்டை இருக்கிறது என்று.

அந்த உரையாடல் முடிந்த பிறகு எனக்குப் பழைய விஷயம் ஒன்று உறைத்தது. இதழ் அச்சுக்குப் போகும் முன், அண்ணாச்சி தொடர்கதையின் மெய்ப்பைத் திருப்பித் தருவார். “கதை எப்படி அண்ணாச்சி?” என்று ஆவலோடு கேட்பேன். “கதையா? பதினேழு பிழை. ரெண்டு இடத்துல ஒற்று மிகாது” என்பார். இதைச் சொல்லிச் சொல்லி வருடக்கணக்காக அவரைக் கேலி செய்திருக்கிறேன். எழுத்தெழுத்தாகப் பார்ப்பவர் கண்ணில் கதை எப்படித் தெரியும்? முன்னால் இருக்கும் வரிதான் தெரியும். அதை விட்டு அவர் தலைநிமிர்ந்து கதையை ரசிக்கத் தொடங்கினால், பிழை உங்கள் கைக்கு வந்து சேர்ந்துவிடும். அவருக்குக் குழலோசை உங்கள் கடிதங்கள்தான். “இந்த வாரம் கதை அழவைத்துவிட்டது” என்று நீங்கள் எழுதும்போது, அதை அவர் இரண்டு முறை படிப்பதை நான் பார்த்திருக்கிறேன். கேலியை நிறுத்திவிட்டேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். படிப்புக்கோ வேலைக்கோ வாழ்க்கைப்பட்டோ ஏதோ ஓர் அந்நிய ஊருக்குப் போயிருப்பீர்கள். அந்த ஊர் விழாவில் யாரோ ஒருவர் உங்கள் கையில் ஒரு துணியின் முனையையோ, கரண்டியையோ, கயிற்றையோ கொடுத்து, பிடி என்று சொல்லியிருப்பார். அதை எழுதி அனுப்புங்கள். விழாவின் வரலாறு வேண்டாம், நீங்கள் நின்ற இடத்திலிருந்து என்ன தெரிந்தது என்று எழுதினால் போதும்.

பிழைகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அண்ணாச்சி இருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்