"சொறியாதே" என்று அதட்டாதீர்கள்

கரப்பான் வந்த குழந்தையை "சொறியாதே, சொறியாதே" என்று இரவெல்லாம் அதட்டுகிறோம். கையில் ஒரு அடி வேறு. சில வீடுகளில் கையைத் துணியால் கட்டியே போட்டுவிடுகிறார்கள். இது கொடுமை.

தூக்கத்தில் சொறிவது அடம் அல்ல. அந்தத் தோலில் ஈரம் தங்குவதில்லை. இரவில் தோல் சூடாகும்; பகலைப்போலக் கவனம் திரும்ப விளையாட்டும் இல்லை. அதனால் அரிப்பு கூடும். சொறிந்தால் புண்ணாகும், புண்ணானால் இன்னும் அரிக்கும். தூங்குகிற பிள்ளைக்குப் புத்தி சொல்லி என்ன பயன்?

அதட்டுவதை விட்டுவிட்டுச் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடத்துக்குள் குளிப்பாட்டுங்கள். பயத்தமாவு போட்டுத் தேய்க்காதீர்கள். துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காயும் முன் வாசலினைத் தாராளமாகப் பூசுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். படுக்கும்போது மெல்லிய பருத்திச் சட்டை போதும். அரித்தால் குளிர்ந்த ஈரத்துணியை வையுங்கள்.

இன்னொரு வேடிக்கை. "ஐயோ, ஸ்டீராய்டா!" என்று டாக்டர் எழுதிய களிம்பை அலமாரியில் வைத்துவிட்டு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு க்ரீமைப் பூசுகிறோம். பல சமயம் அதில்தான் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது! டாக்டர் சொன்ன களிம்பை, சொன்ன இடத்தில், சொன்ன நாள்வரை பூசினால் பயமில்லை.

"கரப்பான் பண்டம்" என்று நாமாகவே பாலையும் முட்டையையும் நிறுத்திப் பிள்ளையை மெலிய வைப்பதும் வேண்டாம். ஒவ்வாமை உண்டா என்று டாக்டர் சொல்லட்டும். இது தொற்றுவியாதியும் அல்ல. தனிப்பாய் போட்டு ஒதுக்காதீர்கள்.

தாத்தா பாட்டிகளே, வீட்டில் நம் சொல்லுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. அதை இந்தப் பிள்ளைகளுக்காகப் பயன்படுத்துவோம்.