பெல்ட்டை எப்போது கழற்றுவது?

மாணவர்களே, 2023 மார்ச் 8 அன்று மும்பைக் கடலோரத்தில் நம் கடற்படையின் துருவ் ஹெலிகாப்டர் ஒன்று திடீரென்று விசையிழந்து உயரம் குறைந்தது. விமானி அதைக் கடல்மீதே இறக்கினார். உள்ளிருந்த மூவரும் வெளியேறி மீட்புப் படகில் ஏறினர். அதிர்ஷ்டம் என்று பலர் சொல்லக்கூடும். எனக்கு அது பயிற்சியின் பலனாகத் தோன்றுகிறது. அந்தப் பயிற்சியில் உங்கள் இயற்பியல் பாடமும் அடங்கியிருக்கிறது.

கப்பலில் கனமான இயந்திரங்களை அடியில் வைப்பார்கள். ஹெலிகாப்டரிலோ எஞ்சின், கியர்ப்பெட்டி, சுழலும் இறக்கைகள் எல்லாம் ஆட்கள் அமரும் அறைக்கு மேலே இருக்கின்றன. ஆகவே அதன் ஈர்ப்பு மையம் உயரத்தில் அமைகிறது. நீரில் இறங்கிச் சற்றே சாய்ந்தாலும் போதும். கீழ்நோக்கிய எடையும் மேல்நோக்கிய மிதப்பு விசையும் ஓர் இரட்டையாகச் செயல்பட்டு அதைத் தலைகீழாகப் புரட்டிவிடும். இதைத் தடுக்கக் காற்று நிரப்பும் மிதவைகள் உண்டு. கொந்தளிக்கும் கடலில் அவையும் போதாமல் போகலாம்.

அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியில் கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகள் பறக்கப் பயில்கிறார்கள். நீரில் மூழ்கினால் தப்புவதற்கென்று கொச்சியில் தனிப் பயிற்சிக்கூடம் இருக்கிறது. இத்தகைய பயிற்சியில், ஹெலிகாப்டர் அறை போன்ற கூண்டில் ஆட்களைப் பெல்ட்டால் கட்டி அமர்த்தி, குளத்தில் இறக்கிப் புரட்டுகிறார்கள். மூக்கில் நீர் ஏறும். எது மேல், எது கீழ் என்று தெரியாது. ஒரு கை சன்னல் சட்டத்தை விடாமல் பற்றியிருக்க வேண்டும். கூண்டு அசையாமல் நின்றபின் சன்னலைத் தள்ளித் திறக்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றுவது அதற்குப் பிறகுதான்.

ஏன் அப்படி? நியூட்டனின் மூன்றாம் விதியை நினைத்துப் பாருங்கள். நீங்கள் சன்னலைத் தள்ளினால் சன்னலும் உங்களைத் தள்ளுகிறது. பெல்ட் பிடித்திருந்தால் அந்த எதிர்விசையை இருக்கை தாங்கிக்கொள்ளும். கழற்றிவிட்டாலோ, நீரில் மிதக்கும் உங்கள் உடல்தான் பின்னால் போகும், சன்னல் திறக்காது. போதாததற்கு, மிதப்பு விசை உங்களைச் சன்னலைவிட்டு அப்பால் தூக்கிச் சென்றுவிடும்.

இந்த விதியை இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதத் தெரியாதவர் உங்களில் யாரும் இருக்கமாட்டீர்கள். ஆனால் மூச்சை அடக்கித் தலைகீழாகத் தொங்கும்போது கை முதலில் பெல்ட்டைத்தான் தேடும்! கையின் அந்தப் பழக்கத்தை மாற்றத்தான் திரும்பத் திரும்ப முக்குகிறார்கள். கணினித் திரையில் சிக்கனமாகச் சொல்லிக்கொடுத்தால் போதாதா என்பார் உண்டு. திரை மூக்கில் நீர் ஏற்றாதே!

நம் பள்ளிகள் பலவற்றில் செய்முறை வகுப்பு, அண்ணனின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவதோடு முடிந்துவிடுகிறது. இதை நான் சிறு குறையாகக் கருதவில்லை. ஆசிரியரிடம் கருவிகளைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கிணற்றிலோ குளத்திலோ மட்டும் எதையும் முயல வேண்டாம். சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று கிடைத்தால் அதில் அமர்ந்து, கால்களைத் தூக்கிக்கொண்டு, இறுகிய கதவு ஒன்றைத் தள்ளிப் பாருங்கள். பிறகு நண்பரை நாற்காலியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மறுபடி தள்ளுங்கள்.