மரமேறிய கங்காரு

கங்காரு என்றவுடன் ஆஸ்திரேலியாவின் புல்வெளியில் தாவியோடும் விலங்கே பலருடைய நினைவுக்கு வரும். அதன் உறவினம் ஒன்று மரத்தின்மேல் குடியேறி வாழ்வதைப் பலர் அறியார். நியூகினித் தீவின் மழைக்காடுகளிலும் ஆஸ்திரேலியாவின் வடகிழக்குப் பகுதியிலும் வாழும் மரக்கங்காருவே அது.

முகம் கரடிக்குட்டியின் முகம் போன்றது. முன்னங்கால்கள் தடித்து வலிமை பெற்றவை. வளைந்த நகங்கள் மரப்பட்டையை இறுகப் பற்றும். தரைக் கங்காரு பின்னங்கால்களை ஒருசேர ஊன்றித் தாவும். இதுவோ அவற்றை மாற்றி மாற்றி வைத்துக் கிளைமேல் நடக்கவும் வல்லது. நீண்ட வால் கிளையைச் சுற்றிப் பிடிப்பதற்கன்று, உடலின் சமநிலைக்கே பயன்படுகிறது. தென்னையிலிருந்து இறங்குபவரைப் போலப் பின்புறமாகவே இறங்கும். அச்சம் மிகுந்தால் 18 மீட்டர் உயரத்திலிருந்துகூடக் குதித்துவிடும்! ஆனால், ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான். அதுவும் பல மாதங்கள் தாயின் பையிலேயே வளரவேண்டும். ஆகவே, வேட்டையில் இழந்த எண்ணிக்கை விரைவில் நிரம்புவதில்லை.

பாப்புவா நியூகினியின் டொரிசெல்லி மலையில் வாழும் டென்கிலே என்னும் இனத்தின் நிலை இதற்குச் சான்று. அதன் உடலிலிருந்து எழும் கடும் மணமே வேட்டை நாய்களுக்கு வழிகாட்டிவிடும். 2001ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 100 விலங்குகளே எஞ்சியிருந்தன என மதிப்பிடப்பட்டது.

வேட்டையைத் தடைசெய்து காவலரை நிறுத்தினால் போதும் என்பர் சிலர். இக்கருத்து ஏற்கத்தக்கதன்று. அந்நாட்டில் நிலத்தின் பெரும்பகுதி அரசுக்கு உரியதன்று. வழிவழியாக வாழும் குலங்களுக்கு உரியது. வேட்டையும் அங்குப் பொழுதுபோக்கன்று. மலைச்சிற்றூரில் பிள்ளைகளின் உணவில் இறைச்சி சேர வேறு வழி அரிது. பசித்தவனைக் குற்றவாளி என்பது எளிது. அவன் வீட்டு அடுப்பை எண்ணிப் பார்ப்பதே கடினம்.

டொரிசெல்லியில் அந்தக் கடினமான வழியே தேர்ந்தெடுக்கப்பட்டது. வேட்டையைக் கைவிட ஊரார் உடன்பட்டனர். அதற்கு ஈடாகக் கோழியும் முயலும் மீனும் வளர்க்க அவர்களுக்கு உதவி கிடைத்தது. டென்கிலேயின் எண்ணிக்கை பின்னர் 300ஐக் கடந்ததாக மதிப்பிடப்பட்டது.

ஹுவான் தீபகற்பத்திலோ, நிலவுடைமையாளர்கள் தாமே முன்வந்து தம் காட்டைப் பாதுகாப்புக்கென ஒதுக்கினர். யோப்னோ, உருவா, சோம் ஆகிய மூன்று ஆறுகளின் முதலெழுத்துகளால் அதற்குப் பெயரிடப்பட்டது. 2009இல் அது நாட்டின் முதல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அவ்வூர்களில் விளையும் காப்பிக்கொட்டை அமெரிக்காவின் சியாட்டில் நகரம்வரை விலைபோகிறது.

அங்கு ஆய்வாளர்களுக்கு மரக்கங்காருவைக் கண்டறிந்து காட்டுவோர் உள்ளூர் வேட்டையாடிகளே. ஒருவர் மரமேற, விலங்கு அஞ்சிக் கீழே குதிக்கிறது. காத்திருப்போர் அதைப் பிடிக்கின்றனர். ஆனால், இப்போது அதன் கழுத்தில் வானொலிப் பட்டையைக் கட்டி மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர்.